சோல்மேட் (ப்ளூஸ் இசைக்குழு)

சோல்மேட், மேகாலயத் தலைநகர் ஷில்லாங்கைச் சேர்ந்த எலெக்ட்ரிக் ப்ளூஸ் இசைக்குழு. கிதார் கலைஞர் ருடி வாலாங்கும் பாடகி திப்ரிதி கர்பங்கரும் சேர்ந்து 2003இல் இதைத் தொடங்கினார்கள். இந்தியாவில் ராக் குழுக்களுக்குப் பஞ்சமில்லை. ப்ளூஸை விடாமல் பிடித்துக்கொண்டு, அதிலும் சொந்தப் பாடல்களை எழுதி, இருபது ஆண்டு அளவுக்கு நிலைத்த குழுக்களோ மிகச் சில. அவற்றில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் இது.

ஊரும் பின்னணியும்

அமெரிக்காவின் தெற்கில், பருத்திக் காட்டில் உழைத்த கறுப்பின மக்களிடம் பிறந்த இசை ப்ளூஸ். மிசிசிப்பியில் வளர்ந்த மடி வாட்டர்ஸ் 1943இல் பிழைப்புத் தேடி சிகாகோ போனார். அங்கிருந்த மதுக்கூடங்களின் இரைச்சலில் மரக் கிதார் யார் காதிலும் விழவில்லை. எலெக்ட்ரிக் கிதாரும் ஆம்ப்ளிபையரும் அவர் கைக்கு வந்தன. கூடவே டிரம்ஸ், பேஸ், மவுத் ஆர்கன். எலெக்ட்ரிக் ப்ளூஸ் என்கிற பாணி இப்படித் தேவையிலிருந்து உருவானது.

அது ஷில்லாங்கில் வேர் பிடித்ததற்குக் காரணங்கள் உண்டு. 1841இல் வேல்ஸ் நாட்டிலிருந்து சேராபுஞ்சிக்கு வந்த தாமஸ் ஜோன்ஸ் என்ற பாதிரியார், அந்த மலைகளின் பழங்குடி மக்கள் பேசும் காஸி மொழியை ரோமன் எழுத்தில் எழுதும் முறையைக் கொண்டுவந்தார். அவருக்குப் பின் எழுந்த தேவாலயங்கள், பல குரல்கள் சேர்ந்து பாடும் பழக்கத்தை அந்த மலைக்குக் கொடுத்தன. 1972 ஜனவரியில் மேகாலயம் தனி மாநிலமாகும்வரை அசாமுக்கே தலைநகராக இருந்த ஊர் அது. பல திசை ஆட்களும் வந்துபோன ஊர் என்பதால் மேற்கத்திய இசை அங்கே அந்நியமாக இருக்கவில்லை. லூ மாஜா என்ற பாடகர் 1972 முதல் ஆண்டுதோறும் மே 24ஆம் தேதி பாப் டிலன் பிறந்தநாளைக் கச்சேரியோடு கொண்டாடிவருகிறார் என்றால் ஊரின் சுபாவம் புரியும்.

உறுப்பினர்கள்

ருடி வாலாங்குக்கு இசை வீட்டுச் சொத்து. அவர் தந்தை டோட்டோ வாலாங்கும் ஷில்லாங்கில் பெயர் பெற்ற இசைக் கலைஞர். லூ மாஜாவின் ‘கிரேட் சொசைட்டி’ குழுவில் வாசித்த ருடி, பிறகு ‘மோஜோ’ என்ற குழுவில் இருந்தார். திப்ரிதி அவரோடு பாட வந்தது அங்கேதான். வயதில் மிகவும் இளையவரான திப்ரிதி, காஸிப் பெண். பாடுவதோடு கிதாரும் வாசிப்பார்.

சோல்மேட்டின் அச்சு இந்த இருவர்தான். டிரம்ஸிலும் பேஸிலும் ஆட்கள் மாறி மாறி வந்திருக்கிறார்கள்: டிரம்ஸில் சாம் ஷுல்லாய், பிறகு வின்சென்ட் தாரியாங், பேஸில் லியோன் வாலாங். தாளப் பக்கம் மாறியும் குழுவின் முகம் மாறவில்லை. கேட்பவர் காது குரலையும் கிதாரையும்தான் தொடர்கிறது.

ஒலி

ப்ளூஸின் எலும்புக்கூடு பன்னிரண்டு பார்கள் கொண்ட ஒரு சுற்று. ஒரு பாருக்கு நான்கு எண்ணிக்கை. நம் ஸ்வரக் கணக்கில் சொன்னால், முதல் நான்கு பார்கள் ஷட்ஜத்தை ஆதாரமாகக் கொண்ட கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டில்) நிற்கும். அடுத்த இரண்டு மத்யமத்தில், பின் இரண்டு மீண்டும் ஷட்ஜத்தில். ஒன்பதாவது பார் பஞ்சமத்துக்குத் தாவும், பத்தாவது மத்யமத்துக்கு இறங்கும், கடைசி இரண்டும் ஷட்ஜத்தில் வந்து அமரும். பாட்டு வரி நான்கு பார்களில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ளும். மீதி இடம் கிதாருக்கு. பாடுபவர் ஒன்று சொல்ல, கிதார் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். சோல்மேட்டின் மெதுவான பாடல்களில் இந்தப் பேச்சுவார்த்தையே உயிர்.

தமிழ்க் காதுக்கு இதில் பழகிய இடங்கள் நிறைய. ப்ளூஸ் கிதார் பெரும்பாலும் புழங்கும் ஐந்து ஸ்வரங்கள் சுத்த தன்யாசி ராகத்தின் ஸ்வரங்களே: ச, க, ம, ப, நி. அவ்வப்போது பிரதி மத்யமம் ஒன்று உரசிக்கொண்டு போகும். ஆனால் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே ஊசலாடும். பியானோவில் அந்த இடத்துக்குக் கட்டையே கிடையாது. கிதாரில் விரலால் தந்தியை மெட்டின் மேல் குறுக்கே தள்ளி அதைப் பிடிக்கிறார்கள். வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் எடுப்பதும் இதே வேலைதான். ருடியின் வாசிப்பில் கவனிக்க வேண்டியது இந்த இழுப்பு. வேகம் காட்டுவதைவிட, ஒரு ஸ்வரத்தை மெல்ல ஏற்றி, அதிரவிட்டு, அது அடங்கும்வரை அடுத்ததற்குப் போகாமல் இருப்பதில்தான் அவர் திறமை தெரிகிறது. அந்த இடைவெளிகள் குரலுக்காக விடப்பட்டவை.

திப்ரிதியின் குரல் அடிக்கட்டையில் கரகரப்பும் மேலே போகப்போகப் பெரும் பலமும் உள்ளது. தேவாலயப் பாட்டின் தொண்டை வலுவும் மலைப் பெண்ணின் உரத்த அழைப்பும் அதில் சேர்ந்திருக்கின்றன. எனக்கு இந்தக் குழுவின் மிகப் பெரிய சொத்து அந்தக் குரல்தான். இந்திய ராக் மேடைகளில் பெண்கள் அரிதாக இருந்த காலத்தில், குழுவின் முன்னால் நின்று முழுக் கச்சேரியையும் சுமந்தவர் அவர்.

பாடல்களில் பெரும்பாலானவை ஆங்கிலம். இருந்தாலும் மண் விட்டுப்போகவில்லை. ‘சியர் லபலாங்’ என்ற காஸிக் கதை அவர்கள் பாடல் ஒன்றின் தலைப்பிலேயே இருக்கிறது. சமவெளியில் தாயோடு வாழ்ந்த கலைமான் ஒன்று, தாய் தடுத்தும் கேளாமல் காஸி மலைக்கு மேய ஏறுகிறது. வேடர்கள் அதை அம்பெய்து கொல்கிறார்கள். தேடி வந்த தாய்மான் கதறிய கதறலைக் கேட்டு மலையே கலங்கியது என்றும், இறந்தவர்களுக்காக அழுது புலம்ப மனிதர்கள் கற்றது அந்தத் தாயிடமிருந்துதான் என்றும் கதை சொல்கிறது. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துச் சாவு வீடுகளில் ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அழுகையைப் பாட்டாக்கத் தெரிந்த மக்களுக்கு ப்ளூஸை யாரும் மெனக்கெட்டுச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ‘அமெரிக்க இசையை நகல் எடுப்பவர்கள்’ என்று இவர்களை ஒதுக்குவது அதனால்தான் தவறு.

இசைத் தொகுப்புகளும் மேடைகளும்

முதல் தொகுப்பு ‘ஷில்லாங்’ 2005இல் வெளிவந்தது. முதல் தொகுப்புக்கே சொந்த ஊர்ப் பெயரை வைத்தார்கள். அடுத்தவை ‘மூவிங் ஆன்’ (2009), ‘டென் ஸ்டோரீஸ் அப்’ (2014).

ப்ளூஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு மெம்பிஸ் நகரில் ஆண்டுதோறும் சர்வதேச ப்ளூஸ் போட்டி நடத்துகிறது. உலகெங்கிலுமிருந்து வரும் குழுக்கள் பீல் தெருவின் சிறுசிறு விடுதி மேடைகளில் நடுவர்கள் முன் வாசிக்க வேண்டும். 2007இல் சோல்மேட் அதில் கலந்துகொண்டது. இந்தியாவிலிருந்து அங்கே போன முதல் குழு இதுதான். 2010இல் மறுபடியும் போனார்கள். இந்த இசையைப் பிறப்பிலேயே அறிந்தவர்கள் கேட்கும் தெருவில் சொந்தப் பாடல்களோடு ஏறி நிற்பதற்குத் துணிவு வேண்டும்.

மும்பையில் மஹிந்திரா ப்ளூஸ் திருவிழா 2011இல் மெஹபூப் ஸ்டுடியோவில் தொடங்கியபோது, சிகாகோ ப்ளூஸின் மூத்த கலைஞர் படி கய், பாடகி ஷெமேகியா கோப்லாண்ட் ஆகியோர் வந்த அதே நிகழ்ச்சியில் சோல்மேட்டும் வாசித்தது. அதன் பிறகு வடகிழக்கிலிருந்து ப்ளூஸ் வாசிக்கக் கிளம்பும் இளைஞர்கள் முன்மாதிரியாகச் சொல்லும் பெயர்களில் ருடியும் திப்ரிதியும் கட்டாயம் இருக்கிறார்கள்.