தெற்கிலிருந்து வந்த தலைநகரம்

நவராத்திரி நெருங்கும்போது பத்மநாபபுரம் அரண்மனையில் உடைவாள் கைமாறும். கம்பர் வழிபட்டதாக மரபு சொல்லும் சரஸ்வதி யானைமேல் எழுந்தருள்வாள். வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன்வர, ஊர்வலம் திருவனந்தபுரம் நோக்கிப் புறப்படும். திருவிதாங்கூரின் தலைநகர் 1795இல் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குச் சென்ற வழியை இந்த ஊர்வலம் ஆண்டுதோறும் நினைவூட்டுகிறது.

திருவனந்தபுரம் அந்த அரசைவிடப் பழையது. மூன்று வாயில்கள் வழியே தரிசனம் தரும் பள்ளிகொண்ட பத்மநாபப் பெருமாளை நம்மாழ்வார் பாடியிருக்கிறார். 1750இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா நாட்டையே அந்தப் பெருமாளுக்குக் காணிக்கையாக்கிப் பத்மநாபதாசன் ஆனார். அவருக்குப் பின்வந்த கார்த்திகைத் திருநாள் ராமவர்மா, தலைநகரையே சன்னிதிக்கு அருகில் கொண்டுவந்தார். ஆண்டவன் இருக்குமிடத்தில் அடியவன் இருப்பதுதானே முறை!

அரசைத் தொடர்ந்து வணிகமும் வந்தது. திவான் ராஜா கேசவதாஸ் வளர்த்த சாலைக் கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டன. அங்கே கடை வைத்திருந்த ஆ. மாதவன், அந்தத் தெருவின் மனிதர்களையே கதைகளாக்கினார். நகுலனும் நீல பத்மநாபனும் இந்நகரில் இருந்தே தமிழுக்குப் புது நடை தந்தார்கள். இவர்களுக்கெல்லாம் முன்னோடி, இங்கே தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை. அவரது 'மனோன்மணீயம்' 1891இல் வெளியானது. தமிழ்நாட்டில் விழாதோறும் ஒலிக்கும் தமிழ்த்தாய் வாழ்த்து அந்த நாடகத்திலிருந்து எடுத்தது.

கடற்கரையும் வந்தவர்க்கு இடம் கொடுத்தது. காந்த நடுக்கோட்டை ஒட்டியிருந்ததால் விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாயின் குழுவினர் ராக்கெட் ஏவ நகரை அடுத்த தும்பாவைத் தேர்ந்தார்கள். மீனவர் ஊரின் மகதலேனா மாதா கோயில் விஞ்ஞானிகளின் பணியிடமாயிற்று. 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து எழுந்தது.

அதற்கு முன்பே, 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை வகுத்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தமிழ்த் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. பழைய தலைநகர் தமிழ்நாட்டிலும் புதிய தலைநகர் கேரளத்திலுமாக நின்றன. ஆனாலும், தமிழ் மண்ணில் நிற்கும் பத்மநாபபுரம் அரண்மனையை இன்றும் கேரளத் தொல்லியல் துறையே பேணுகிறது. களியக்காவிளை எல்லையைச் சரஸ்வதி கடக்கும் பயணத்தில் இரு மாநிலக் காவலரும் அவளுக்கு மரியாதை செலுத்துகிறார்கள்.