நிலையாமையும் காப்பும்: ஓசோன் வரலாற்றில் ஒரு நோக்கு

பொருளொன்றின் ஆற்றலே அதன் குறையாகவும் அமைந்துவிடுவதற்கு ஓசோன் தக்க சான்றாகும். 1839 ஆம் ஆண்டிலே, சுவிற்சலாந்தின் பேசல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷோன்பைன், நீரை மின்னாற் பகுக்கையில் எழுந்த மணம் புதியதொரு பொருளுக்குரியதெனக் கண்டார். கிரேக்க மொழியில் மணத்தலைக் குறிக்குஞ் சொல்லே அதற்குப் பெயராயிற்று. அது ஒட்சிசன் அணுக்கள் மூன்றால் ஆயதென்பதை 1865 இல் சொரே நிறுவினார்.

இம்மூவணுக் கட்டு உறுதியற்றது. விரைந்து ஒட்சியேற்றும் இயல்பினால் ஓசோன் பற்றீரியாக்களின் மென்சவ்வைச் சிதைக்கின்றது. பிரான்சின் நீஸ் நகரம் 1906 ஆம் ஆண்டு முதல் குடிநீரைத் தூய்தாக்க அதனைக் கையாண்டது. ஆயின், அதே உறுதியின்மையால் ஓசோனைச் சேமித்துவைத்தல் அரிதாயிற்று. நீரிற் கரைந்த ஓசோன், அறை வெப்பநிலையிற் பெரும்பாலும் மணித்தியாலமொன்றினுள்ளேயே பாதிக்கு மேல் அழிந்துவிடும். எனவே, ஆக்கிய இடத்திலேயே அதனைப் பயன்படுத்தவேண்டியிருந்தது.

இக்குறையை நீக்கவல்ல வழிகள் இரண்டு வெவ்வேறு துறைகளிலே தோன்றின. முதலாவது நனோக் குமிழி. குமிழி சிறுக்குந்தோறும் அதன் உள்ளமுக்கம் பெருகும். நீரில் 100 நனோமீற்றர் ஆரையுடைய குமிழியினுள் மேலதிக அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ 14 மடங்காகும். இத்தகைய குமிழி கணத்திற் கரைந்தொழிய வேண்டுமென்பதே 1950 இல் எப்ஸ்ரைனும் பிளெசற்றும் வகுத்த கோட்பாட்டின் முடிபு. எனினும், இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலே யப்பானிய ஆய்வாளர் நெடுநாள் நிலைத்த ஓசோன் நனோக் குமிழிகளைப் பற்றி அறிவித்தனர். அந்நிலைப்பின் காரணம் இன்றும் விவாதத்துக்குரியது.

இரண்டாவது இலிப்போசோம். பொசுபோலிப்பிட்டுகள் நீரிலே தாமாகவே மூடிய நுண்பைகளாவதை, 1960களில் கேம்பிறிட்ஜுக்கு அண்மையிலுள்ள பாபிரகாமில் அலெக் பங்கம் காட்டினார். மருந்தேந்தும் கலமாக அதனைக் கொள்ளலாமென்ற எண்ணம் 1970களில் வலுப்பெற்றது. 1995 இல் இலிப்போசோமில் அடைத்த புற்றுநோய் மருந்தொன்று அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஓசோன் நனோக் குமிழிகளை இலிப்போசோமினுள் அடைத்து, நிலையான பற்றீரியா எதிர்ப்பொருளாக்கும் அண்மைக்கால முயற்சியில் இவ்விரு வழிகளும் ஒன்றுசேர்கின்றன. ஆயினும் இங்கு இடரொன்று உண்டு. காபன் இரட்டைப் பிணைப்புக்களை ஓசோன் பிளக்குமென்பதை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜேர்மனியரான கரீஸ் ஆராய்ந்து விளக்கினார். இயற்கையான பொசுபோலிப்பிட்டுகள் பலவற்றில் அப்பிணைப்புக்கள் உள. பற்றீரியாவின் சவ்வை அழிக்கும் ஆயுதம் தன் உறையையும் அரிக்கவல்லது. நிரம்பிய கொழுப்பமிலங்களாலான உறையைத் தெரிவுசெய்தல் இவ்விடரைக் குறைக்கும்.

பெனிசிலினைத் தவறாகப் பயன்படுத்தின் பற்றீரியாக்கள் அதனை எதிர்க்கப் பழகுமென்று 1945 இல் பிளெமிங் எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை மெய்யாகிவிட்ட இக்காலத்திலே, ஒரு குறித்த இலக்கை மட்டுமன்றிப் பலவற்றை ஒருங்கே தாக்கும் ஓசோன் மீண்டுங் கவனம் பெறுவது வியப்பன்று. அதன் வீரியம் நூறாண்டுக்கு முன்பே ஐயமற நிறுவப்பட்டது. அவ்வீரியத்தை வேண்டும் இடம்வரை கட்டிக்காக்கும் கலையே இன்னும் முற்றுப்பெறவில்லை.