வஞ்சியில் வந்த குடிதண்ணீர்

ஊரிலிருந்து போன் பண்ணுகிறவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றைச் சொல்வார்கள். "உனக்கென்னப்பா, கேரளா. தண்ணிக்குப் பஞ்சமா?" நாற்பத்துநாலு ஆறு ஓடுகிற மாநிலம், ஆறு மாதம் மழை. எங்கள் திருநெல்வேலிக்காரர்கள் பெருமூச்சு விடுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் கொச்சியின் சரித்திரத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால், இந்த ஊர் தன் குடிதண்ணீரைப் பல நூறு வருஷமாக வெளியிலிருந்துதான் வரவழைத்துக் கொண்டிருக்கிறது. கணக்கெழுதிப் பழகியவன் பாஷையில் சொன்னால், தண்ணீர் விஷயத்தில் கொச்சி என்றைக்குமே கடன் வாங்கித்தான் குடும்பம் நடத்தியிருக்கிறது.

காரணம் மண். 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறித் துறைமுகத்தைத் தூர்த்து, கொச்சி வாயைத் திறந்துவிட்டது என்பது இங்கே எல்லாரும் சொல்லும் வரலாறு. வைப்பின் தீவு மேலெழுந்ததும் அதை ஒட்டித்தான் என்பார்கள். வண்டலும் மணலும் சேர்ந்து உண்டான நிலம், சுற்றிலும் உப்புக் காயல். தோண்டினால் மேலாகக் கொஞ்சம் மழைத்தண்ணீர் இருக்கும். அதற்குக் கீழே உப்பு. பாத்திரத்தில் எண்ணெய் மிதப்பது மாதிரிதான். அவசரப்பட்டு நிறைய இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும்.

டச்சுக்காரர்கள் 1663-ல் கோட்டையைப் பிடித்தார்கள். அவர்கள் காலத்தில் இங்கே வந்துபோன அலெக்ஸாண்டர் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்துக் கப்பல் கேப்டன் 1727-ல் வெளியிட்ட புத்தகத்தில் கொச்சித் தண்ணீரைக் கரித்துக் கொட்டியிருக்கிறார். அதைத் தொடர்ந்து குடித்தால் கால் வீங்கும் என்பதுதான் அவர் புகார். அதனால் டச்சுக் கம்பெனி வராப்புழைக்குப் படகுகளை அனுப்பி ஆற்றுத்தண்ணீர் கொண்டுவந்ததையும் எழுதியிருக்கிறார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. மிளகையும் பட்டையையும் கப்பல் கப்பலாக ஏற்றியனுப்பிய துறைமுகத்தில், குடிக்க ஒரு சொம்பு தண்ணீருக்குத் துடுப்புப் போட்டு ஆற்றில் ஏற வேண்டியிருந்திருக்கிறது.

அந்த வீங்கிய காலுக்கு ஆங்கிலேயர்கள் 'கொச்சின் கால்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். யானைக்கால் நோய்தான். அதற்குத் தண்ணீர் காரணமில்லை, கொசு காரணம். கொசுவின் உடம்புக்குள் அந்தப் புழு வளர்வதை பேட்ரிக் மேன்சன் சீனாவில் 1877-ல்தான் கண்டுபிடித்தார். ஆக, ஹாமில்டன் பார்த்தது உண்மை, சொன்ன காரணம் தப்பு. தேங்கி நாறும் தண்ணீரில் கொசு பெருகும் என்பதால், தண்ணீருக்கு இதில் கொஞ்சம் பங்கு உண்டு என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

நம்மவர்கள் கதை ஒன்றும் இதில் இருக்கிறது. ஃபோர்ட் கொச்சி வேளியில் இருக்கும் தோபிகானாவைப் பலர் பார்த்திருப்பீர்கள். டச்சுப் பட்டாளத்தின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து கூட்டிவரப்பட்டவர்களின் வம்சம்தான் இன்றைக்கும் அங்கே வெளுக்கிறது. வீட்டில் தமிழ்தான் பேசுகிறார்கள். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, வெள்ளையும் வெளுக்காது. எந்தக் குளத்தில் எந்த மாதம் உப்பு ஏறும் என்ற கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தால்தான் பிழைப்பு. நம்மில் எத்தனையோ பேர் வேலைக்காக இங்கே வந்திருக்கிறோம். நம் எல்லாருக்கும் சீனியர் இவர்கள்தான்!

குழாய் வந்தது ரொம்பப் பிந்தி. 1910-களில் கொச்சி சமஸ்தானம் பெரியாற்றங்கரையில் சொவ்வராவில் தண்ணீர் எடுத்து, குழாய் வழியாக எறணாகுளம் பக்கம் கொண்டுவந்தது. பிறகு ஆலுவா நிலையம் பெரிதாகி, இன்றைக்கு நகரத்தின் பெரும்பகுதி அதை நம்பி நிற்கிறது.

தீவுகள்? அங்கேதான் விஷயமே. வல்லார்பாடம் எறணாகுளத்துக்கும் வைப்பினுக்கும் நடுவில் கிடக்கிற நீளமான தீவு. மாதா கோயிலுக்குப் போயிருப்பீர்கள். எங்கள் கிளைக்குப் பென்ஷன் வாங்க வரும் ஒரு சேச்சி அந்தத் தீவில் பிறந்தவர். சின்ன வயதில் அம்மாவோடு வஞ்சியில் குடங்களை அடுக்கிக்கொண்டு அக்கரை போய்த் தண்ணீர் எடுத்து வந்ததை ஒருநாள் சொன்னார். "காற்று அடிச்சா வஞ்சி ஆடும் சாரே. காயல் தண்ணி ஒரு கை குடத்துக்குள்ள தெறிச்சா போதும், அந்தக் குடம் போச்சு." கோஸ்ரீ தீவுகள் வளர்ச்சி ஆணையம் 1994-ல் அமைந்தது. மூன்று பாலங்களும் திறந்தது 2004-ல். அதற்குப் பிறகுதான் எறணாகுளத்திலிருந்து ஒரு டேங்கர் லாரி நேராகத் தீவுக்குள் ஏறிவர முடிந்தது. 2011-ல் அதே தீவில் சர்வதேசக் கண்டெய்னர் முனையம் திறந்தார்கள். உலகத்துக் கப்பல்களெல்லாம் வந்து நிற்கும் தீவில், குழாயின் கடைசி முனையில் இருக்கிற வீட்டுக்குத் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று காத்திருப்பது எனக்கு இன்னமும் உறுத்துகிறது.

இந்த ஏற்பாடு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை 2018 ஆகஸ்ட் காட்டியது. செறுதோணி அணையின் ஐந்து ஷட்டர்களையும் திறந்தார்கள். பெரியாறு ஊருக்குள் புகுந்தது. நெடும்பாசேரி விமான நிலையம் 15-ஆம் தேதி முதல் 29 வரை மூடிக் கிடந்தது. கரையோரப் பம்ப் ஹவுஸ்கள் பலவற்றில் வெள்ளம். கழுத்தளவு தண்ணீர் நின்ற வீடுகளில் குடிக்கத் தண்ணீர் இல்லை.

வெள்ளம் வடிந்தபின் மறுபடி ஆரம்பிப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. கிணற்றை இறைத்து, சேறு வாரி, ப்ளீச்சிங் பவுடர் போட வேண்டும். சாதாரணமாக ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம், வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு இரட்டிப்பு, 5 கிராம். கிணற்றில் எத்தனை லிட்டர் என்று எப்படித் தெரியும்? விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 785-ஆல் பெருக்குங்கள். இரண்டு மீட்டர் விட்டம், மூன்று மீட்டர் ஆழம் என்றால் 9,420 லிட்டர். பவுடர் 47 கிராம். அதை வாளியில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்ததை மட்டும் கிணற்றில் கலக்கி, ஒரு மணி நேரம் விட வேண்டும்.

வருஷ லீவுக்கு வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிற நம் குடும்பங்களுக்கும் இதே கதைதான், சின்ன அளவில். போகும்போது மாடித் தொட்டியைக் காலி பண்ணிவிட்டுப் போவது உத்தமம். திரும்பியதும் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, நிரப்பி, மேலே சொன்ன கணக்கில் பவுடர் கரைசல் விட்டு, ஒவ்வொரு குழாயாகத் திறந்து குளோரின் வாசனை வரும்வரை ஓட விடுங்கள். சில மணி நேரம் கழித்து அத்தனையையும் வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் பிடியுங்கள். மோட்டார் வெறுமனே சுற்றினால் உடனே நிறுத்திவிட்டு, பம்பில் தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றிவிட்டுப் போடுங்கள்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கிற நம்மவர்கள் சிலர் மோட்டார்ஹோம் வைத்திருக்கிறார்கள். குளிர்காலம் முழுக்க நிறுத்திவைத்த வண்டியை வசந்தத்தில் எடுக்கும்போதும் முறை இதுதான். குழாய்க்குள் விட்டு வைத்த இளஞ்சிவப்பு உறைதடுப்பு முழுவதும் போகும்வரை ஹீட்டருக்குள் தண்ணீர் விடாதீர்கள். பிறகு வாசனை சேர்க்காத ப்ளீச், 57 லிட்டர் கொள்ளளவுக்குக் கால் கப். எல்லாக் குழாயிலும் வாசனை வரும்வரை ஓட்டி, ராத்திரி முழுக்க வைத்திருந்து, வாசனை போகும்வரை அலசுங்கள்.

கொச்சிக்காரர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. தொட்டி மூடியில் விரலளவு இடைவெளி இருந்தாலும் கொசு வலை கட்டிவிடுங்கள். ஏர்வென்ட் குழாய் வாயையும் சேர்த்து.