ஜே. ஜி. பாரி-தாமஸ்

ஜான் காட்ஃபிரி பாரி-தாமஸ் (ஏப்ரல் 6, 1884 – மார்ச் 3, 1927) வேல்சில் பிறந்த பிரித்தானியப் பொறியியலாளரும் தானுந்துப் பந்தய ஓட்டுநரும் ஆவார். லேலண்ட் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராகப் பணியாற்றிய இவர், 1926 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பாப்ஸ் என்னும் தானுந்தை ஓட்டித் தரைவேக உலக சாதனையை அடுத்தடுத்த இரு நாட்களில் இருமுறை முறியடித்தார். அடுத்த ஆண்டு, கைவிட்டுப்போன சாதனையை மீட்க அதே வண்டியில் முயன்றபோது வேல்சின் பெண்டைன் கடற்கரையில் உயிரிழந்தார். தரைவேக சாதனை முயற்சியில் இறந்த முதல் ஓட்டுநர் இவரே எனக் குறிப்பிடப்படுகிறார்.

இவருடைய காலத்தில் இதே சாதனைக்காகப் போட்டியிட்ட மால்கம் காம்ப்பெல், ஹென்றி சீக்ரேவ் ஆகிய இருவரும் பின்னர் 'சர்' பட்டம் பெற்றுப் பெரும்புகழ் அடைந்தனர். பாரி-தாமஸின் பெயர் பெரும்பாலும் அவர் இறந்த விதத்தைக் கொண்டே நினைவுகூரப்படுகிறது. அந்த விதம் பற்றிப் பல ஆண்டுகள் சொல்லப்பட்டுவந்த விளக்கமும் பின்னாளில் ஐயத்துக்கு உள்ளானது.

இளமையும் கல்வியும்

பாரி-தாமஸ் வேல்சின் வட பகுதியில் உள்ள ரெக்சம் நகரில் ஒரு கிறித்தவ மதகுருவின் மகனாகப் பிறந்தார். இவருக்கு ஐந்து வயதானபோது குடும்பம் இங்கிலாந்து எல்லைக்குள் அமைந்த ஆசுவெஸ்ட்ரி என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்குப் பள்ளிப் படிப்பை முடித்தபின் இலண்டன் சிட்டி அண்ட் கில்ட்ஸ் கல்லூரியில் பொறியியல் பயின்றார்.

இவரது தொடக்ககால ஆர்வம் மின்னாற்றலைச் சார்ந்ததாக இருந்தது. பெட்ரோல் எஞ்சினின் ஆற்றலைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்ல வழக்கமான கியர்களுக்குப் பதிலாக மின் கருவிகளைப் பயன்படுத்தும் முறை ஒன்றை வடிவமைத்துக் காப்புரிமை பெற்றார். 'தாமஸ் செலுத்தம்' என அறியப்பட்ட இம்முறை பேருந்து போன்ற கனரக வண்டிகளை மனத்தில் கொண்டு உருவாக்கப்பட்டது. பெட்ரோலையும் மின்சாரத்தையும் இணைத்து ஓடும் வண்டிகள் இன்று பரவலாகிவிட்ட நிலையில், நூறாண்டுகளுக்கு முன்பே இவ்வழியில் சிந்தித்தவர்களுள் இவரும் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது. முதலாம் உலகப் போரின்போது போர்த்தளவாடக் கண்டுபிடிப்புகளை ஆராய்ந்த அரசுக் குழுவில் பணியாற்றினார். அதன்பின் லேலண்ட் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளரானார்.

லேலண்ட் எயிட்

லேலண்ட் நிறுவனம் சரக்குந்துகளுக்குப் பெயர்பெற்றது. போர் முடிந்ததும், செலவைப் பற்றிக் கவலைப்படாமல் மிகச் சிறந்த ஒரு தானுந்தை வடிவமைக்கும் பொறுப்பை அந்நிறுவனம் பாரி-தாமஸிடம் ஒப்படைத்தது. ரீட் ரெயில்டன் என்னும் இளம் பொறியாளர் இவருக்கு உதவியாளராக இருந்தார். இவர்களது உழைப்பில் உருவான லேலண்ட் எயிட், 1920 இல் இலண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் வைக்கப்பட்டுப் பெரும் கவனத்தை ஈர்த்தது. 'ஒலிம்பியாவின் சிங்கம்' என்ற பட்டப்பெயரும் அதற்குக் கிடைத்தது. விலையில் அது ரோல்ஸ்-ராய்ஸ் வண்டிகளையும் மிஞ்சியது.

இவ்வண்டியின் எஞ்சினில் எட்டு உருளைகள் ஒரே நேர்வரிசையில் அமைந்திருந்தன. உருளையின் விட்டம் 89 மிமீ. உந்துதண்டின் வீச்சு 140 மிமீ. மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 7 லிட்டர். பின்னர் வீச்சு 146 மிமீ ஆக உயர்த்தப்பட்டுக் கொள்ளளவு 7.3 லிட்டரை நெருங்கியது. வால்வுகளை இயக்கும் தண்டு உருளைகளின் தலைமேல் வைக்கப்பட்டது. அத்தண்டைச் சுழற்றச் சங்கிலியோ பற்சக்கரமோ பயன்படுத்தப்படவில்லை. நீராவி எந்திரங்களில் காணப்படும் மையவிலகு வட்டுகளும் இணைப்புத் தண்டுகளும் அப்பணியைச் செய்தன. வால்வுகளை மூடுவதற்குச் சுருள்வில்லுக்குப் பதிலாகப் பட்டைவில் பயன்பட்டது. வெற்றிட விசையின் துணையால் இயங்கும் தடுப்பான்களும், அதிர்வைத் தாங்க முறுக்குத்தண்டுகளும் இருந்தன. இவற்றுட் சில, சாதாரணத் தானுந்துகளை வந்தடையப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

எனினும் லேலண்ட் எயிட் வணிக அளவில் தோல்வியே கண்டது. ஏறத்தாழ 18 வண்டிகளே உருவாக்கப்பட்டன. போரில் பயன்பட்ட தன் பழைய சரக்குந்துகளைத் திரும்ப வாங்கிப் புதுப்பித்து விற்கும் திட்டத்தில் லேலண்ட் பெரும் பணத்தை முடக்கி நலிவுற்றிருந்தது. அத்தகைய வேளையில் ஆடம்பரத் தானுந்தைத் தொடர்ந்து உருவாக்க இயலவில்லை. அயர்லாந்துத் தலைவர் மைக்கேல் காலின்ஸ் 1922 ஆகத்து 22 அன்று சுட்டுக்கொல்லப்பட்டபோது பயணம் செய்துகொண்டிருந்தது இவ்வகை வண்டி ஒன்றில்தான்.

புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில்

தான் வடிவமைத்த வண்டியின் திறனைச் சோதித்தறியவே பாரி-தாமஸ் பந்தயத்துக்கு வந்தார். 1922 இல் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் முதன்முறையாகப் போட்டியிட்டபோது இவருக்கு வயது 38. பந்தய ஓட்டுநர் ஒருவர் தொடங்குவதற்கு இது மிகவும் பிந்திய வயதாகும். இலண்டனுக்குத் தென்மேற்கே 1907 இல் திறக்கப்பட்ட இத்தளம், சரிவான வளைவுகளுடன் காங்கிரீட்டால் கட்டப்பட்டது. அதன் வெளிச்சுற்றின் நீளம் ஏறத்தாழ 4.4 கிமீ.

விரைவில் லேலண்ட் நிறுவனத்தை விட்டு விலகிய பாரி-தாமஸ், மேஜர் கென் தாம்சனுடன் இணைந்து ஓடுதள வளாகத்துக்குள்ளேயே பட்டறை அமைத்தார். வசிப்பதற்கும் அவ்வளாகத்தில் இருந்த ஒரு சிறு வீட்டையே தேர்ந்தெடுத்தார். இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. பந்தயங்களில் பூவேலைப்பாடு கொண்ட பின்னற் கம்பளிச் சட்டையுடன் காணப்படுவது இவரது அடையாளமாகவே ஆனது.

லேலண்ட் எயிட்டைப் படிப்படியாக மாற்றியமைத்து உருவாக்கிய லேலண்ட்-தாமஸ் என்னும் வண்டியே இவருக்கு அதிக வெற்றிகளைத் தேடித்தந்தது. 1925 சூலையில் எர்னஸ்ட் எல்ட்ரிட்ஜுடன் இவர் மோதிய தனிப்போட்டி புரூக்லண்ட்ஸ் வரலாற்றில் புகழ்பெற்றதாகும். எல்ட்ரிட்ஜ் ஓட்டிவந்த மெபிஸ்டோபிலிஸ் என்ற ஃபியட் வண்டியில் 21.7 லிட்டர் வானூர்தி எஞ்சின் பொருத்தப்பட்டிருந்தது. அதில் மூன்றில் ஒரு பங்கே கொள்ளளவு உடைய எஞ்சினைக் கொண்டு பாரி-தாமஸ் வென்றார். அதே ஆண்டில் இவர் நிறுவிய மணிக்கு 208.2 கிமீ (129.36 மைல்) என்னும் சுற்று சாதனை 1928 வரை நிலைத்தது.

இதனிடையே 1.5 லிட்டர் எஞ்சின் கொண்ட இரு சிறு பந்தய வண்டிகளையும் இவர் கட்டினார். அவை நிலத்தோடு ஒட்டினாற்போல் மிகத் தாழ்வாக இருந்ததால் இஸ்திரிப்பெட்டி எனப் பொருள்படும் பட்டப்பெயரைப் பெற்றன.

பாப்ஸ்

தரைவேக சாதனைக்கு லேலண்ட்-தாமஸ் போதாது என்பதைப் பாரி-தாமஸ் உணர்ந்திருந்தார். இவரிடம் பெரும் செல்வமும் இல்லை. லூயி சுபோராவ்ஸ்கி என்னும் செல்வந்தர் 1924 அக்டோபரில் இத்தாலியின் மோன்சா பந்தயத்தில் இறந்ததை அடுத்து, அவருடைய ஹைம் ஸ்பெஷல் என்ற வண்டி விற்பனைக்கு வந்தது. அதை 125 பவுண்டுகளுக்குப் பாரி-தாமஸ் வாங்கினார். (சுபோராவ்ஸ்கி கட்டிய சிட்டி பேங் பேங் என்னும் வண்டிகளின் பெயரே பின்னாளில் இயன் ஃபிளெமிங் எழுதிய சிறுவர் கதைக்குத் தலைப்பானது.)

ஹைம் ஸ்பெஷலின் உள்ளே இருந்தது 27 லிட்டர் கொள்ளளவுள்ள லிபர்ட்டி வானூர்தி எஞ்சின். அமெரிக்காவில் முதலாம் உலகப் போருக்காக உருவாக்கப்பட்ட இதில், 12 உருளைகள் ஆங்கில 'வி' எழுத்து வடிவில் இரு வரிசைகளாக அமைந்திருந்தன. கியர்ப் பெட்டி, போருக்கு முந்தைய பென்ஸ் பந்தய வண்டி ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. பின்சக்கரங்களைச் சுழற்றியவை இருபுறமும் ஓடிய சங்கிலிகள். 1920களின் நடுவில் சங்கிலி இயக்கம் பழமையானதாகவே கருதப்பட்டது. ஆனால் இத்தகைய ஆற்றலைத் தாங்கக்கூடிய பின் அச்சைச் செய்வது கடினம். சங்கிலிப் பற்சக்கரத்தை மாற்றி வேக விகிதத்தைத் திருத்துவதோ எளிது. எனவே இது அறியாமையால் செய்யப்பட்ட தேர்வு அன்று.

பாரி-தாமஸ் எஞ்சினுக்குத் தாமே வடிவமைத்த உந்துதண்டுகளையும் நான்கு கார்புரேட்டர்களையும் பொருத்தினார். காற்றைக் கிழித்துச் செல்லும்படி உடற்கூட்டையும் மாற்றினார். வண்டிக்குப் பாப்ஸ் எனப் பெயரிட்டார்.

உலக சாதனை

பெண்டைன் என்பது தெற்கு வேல்சில் கார்மார்த்தன் விரிகுடாவை ஒட்டி ஏறத்தாழ 11 கிமீ நீளமுள்ள மணற்பரப்பாகும். கடல் வற்றும் நேரத்தில் ஈரமணல் இறுகித் தட்டையாகக் கிடக்கும். அந்தச் சில மணி நேரத்துக்குள் ஓட்டத்தை முடித்தாக வேண்டும். சாதனையாக ஏற்கப்படுவதற்கு எதிரெதிர்த் திசைகளில் இருமுறை ஓடி, அவற்றின் சராசரியைக் கணக்கிடுவது விதி. காற்று ஒரு பக்கமாக வீசுவதால் கிடைக்கும் ஆதாயம் இதனால் நீங்குகிறது.

1926 மார்ச் 16 அன்று சீக்ரேவ் மணிக்கு 245.1 கிமீ (152.33 மைல்) வேகத்தை எட்டியிருந்தார். ஏப்ரல் 27 அன்று பாரி-தாமஸ் அதை 272.5 கிமீ (169.30 மைல்) ஆகவும், மறுநாள் 275.2 கிமீ (171.02 மைல்) ஆகவும் உயர்த்தினார். இந்தத் தாவலின் அளவை மாணவர்கள் ஒரு எளிய கணக்கால் உணரலாம். காற்றின் தடையை எதிர்த்துச் செல்லத் தேவைப்படும் ஆற்றல், வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. ஒரே வண்டியின் வேகத்தை 152 மைலிலிருந்து 171 மைலுக்கு உயர்த்த, எஞ்சின் ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதல் ஆற்றலைத் தர வேண்டும். சீக்ரேவின் சன்பீம் வண்டி 4 லிட்டர் எஞ்சினைக் கொண்டது. எஞ்சினின் உருவத்தில் பாப்ஸ் அதைப் பன்மடங்கு விஞ்சியிருந்தது என்பதையும் இங்கு நேர்மையாகச் சொல்ல வேண்டும். சிறிய எஞ்சினால் பெரியதை வென்ற புரூக்லண்ட்ஸ் வெற்றியே பொறியியல் நோக்கில் மேலானது என்று கருத இடமுண்டு.

இறப்பு

1927 பெப்ரவரி 4 அன்று காம்ப்பெல் தம் புளூ பேர்டு வண்டியில் அதே பெண்டைன் மணலில் மணிக்கு 281.4 கிமீ (174.88 மைல்) வேகத்தை எட்டிச் சாதனையைக் கைப்பற்றினார். பாரி-தாமஸ் ஒரு மாதத்துக்குள் பாப்ஸுடன் அங்குத் திரும்பினார். மார்ச் 3 அன்று நடந்த ஓட்டத்தின்போது வண்டி கட்டுப்பாட்டை இழந்து புரண்டது. தலையில் ஏற்பட்ட கொடுங்காயத்தால் பாரி-தாமஸ் அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 42. புரூக்லண்ட்ஸுக்கு அருகில் உள்ள பைஃபிலீட் ஊரின் புனித மரியா தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவரது மரணத்துக்குப் பின் பாப்ஸ் வண்டியை அந்தக் கடற்கரையின் மணல்மேட்டிலேயே புதைத்துவிட்டனர். அதே மார்ச் 29 அன்று சீக்ரேவ் அமெரிக்காவின் டேடோனா கடற்கரையில் மணிக்கு 200 மைலைக் கடந்தார். அத்தகைய வேகத்துக்குப் பெண்டைன் மணற்பரப்பின் நீளம் போதாது. அதன்பின் அங்கு எவரும் தரைவேக உலக சாதனை படைக்கவில்லை.

விபத்தின் காரணம்

வலப்புறச் சங்கிலி அறுந்து மேலெழும்பி ஓட்டுநரின் தலையைத் தாக்கியது என்பதே நெடுங்காலம் ஏற்கப்பட்ட விளக்கம். பழமையான சங்கிலி இயக்கத்தை நம்பியதற்கு அவர் கொடுத்த விலை இது என்ற கருத்தும் அதனோடு சேர்ந்து பரவியது. வண்டியே மண்ணுக்குள் கிடந்ததால் இதைச் சரிபார்க்க வழியில்லாமல் போயிற்று.

1969 இல் வடவேல்சைச் சேர்ந்த பொறியியல் விரிவுரையாளர் ஓவன் வின் ஓவன், பாப்ஸைத் தோண்டி எடுத்தார். அந்நிலம் அப்போது படைத்துறையின் ஆயுதச் சோதனைத் தளமாக இருந்ததால் அதற்குத் தனி இசைவு தேவைப்பட்டது. ஒருவரின் கல்லறைக்கு ஒப்பான இடத்தைத் தோண்டுவது முறையன்று என எதிர்த்தவர்களும் இருந்தனர். 42 ஆண்டுகள் உப்பு மணலில் கிடந்த வண்டியின் உடற்கூடு பெரிதும் அரிக்கப்பட்டிருந்தது. பல ஆண்டுகள் உழைத்து அதனை மீண்டும் ஓடும் நிலைக்கு ஓவன் கொண்டுவந்தார்.

மீட்கப்பட்ட பாகங்களை ஆராய்ந்தபின், வலப்புறப் பின்சக்கரம் முதலில் உடைந்திருக்கலாம் என்ற கருத்து வலுப்பெற்றது. அச்சக்கரங்கள் கம்பி ஆரங்களால் ஆனவை. சுழலும் சக்கரத்தை வெளிநோக்கி இழுக்கும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், இத்தகைய வேகத்தில் ஒவ்வோர் ஆரமும் பெரும் இழுவிசையைத் தாங்க வேண்டியிருந்தது. இக்கருத்தின்படி சங்கிலி அறுந்தது விபத்தின் விளைவே ஆகும், காரணம் அன்று. இது ஐயமற நிறுவப்பட்டுவிட்டது என்று கூற இயலாது. ஆயினும் சங்கிலிக் கதையை மட்டும் உறுதியான செய்தியாக எழுதுவது இன்று பொருத்தமில்லை.

பிற்காலத் தாக்கம்

பாரி-தாமஸின் பட்டறை, தாம்சன் அண்ட் டெய்லர் என்ற பெயரில் தொடர்ந்து இயங்கியது. ஆரப் என்னும் தம் சொந்தத் தானுந்து நிறுவனத்தை நடத்திவந்த ரீட் ரெயில்டன், தம் ஆசானின் மறைவுக்குப் பின் அதை மூடிவிட்டு இப்பட்டறைக்கு வந்து சேர்ந்தார். அவர் வடிவமைத்த நேப்பியர்-ரெயில்டன் வண்டியில் ஜான் காப் 1935 இல் எட்டிய மணிக்கு 143.44 மைல் வேகமே புரூக்லண்ட்ஸின் இறுதிச் சுற்று சாதனையாகும். ரெயில்டனின் மற்றொரு வண்டியில் காப் 1947 இல் மணிக்கு 394.2 மைல் வேகத்தை எட்டி உலக சாதனை படைத்தார். லேலண்ட் எயிட்டின் வரைபடங்களுக்கு உதவியாளராக இருந்தவரின் கைவண்ணம் அது.

பாப்ஸ் வண்டி புரூக்லண்ட்ஸ் அருங்காட்சியகத்திலும் பெண்டைன் வேக அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வைக்கப்பட்டுவந்தது. பெண்டைனில் பழைய கட்டடத்துக்குப் பதிலாகத் தரைவேகத்துக்கென எழுப்பப்பட்ட புதிய அருங்காட்சியகம் 2023 இல் திறக்கப்பட்டது.