படத்தைச் சுருக்கிய கொசைன் அலை

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் விமானத்தை நீங்கள் கைபேசியில் படம் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு 25 சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்திலும் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க 24 பிட்டுகள். பெருக்கிப் பாருங்கள், நொடிக்கு ஏறத்தாழ 124 கோடி பிட்டுகள் வரும். பத்து நிமிடப் படத்திற்கு 93 கிகாபைட் இடம் வேண்டும். ஆனால் உங்கள் கைபேசியில் அது ஒன்றிரண்டு கிகாபைட்டில் அடங்கிவிடுகிறது. மற்றவை எங்கே போயின?

இந்தக் கேள்விக்கான விடையில் நம் நாட்டவர் மூவரின் பங்கு இருக்கிறது.

எளிது என்று தள்ளப்பட்ட கருத்து

நசீர் அகமது 1940இல் பெங்களூரில் பிறந்தவர். அங்கேயே பொறியியல் பட்டம் பெற்று, அமெரிக்காவில் ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றபின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1972இல் அவர் அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனத்திடம் ஓர் ஆய்வுக்குப் பொருளுதவி கேட்டு விண்ணப்பித்தார். படங்களைக் கொசைன் அலைகளாகப் பிரித்துச் சுருக்கலாம் என்பதே அவரது கருத்து. விண்ணப்பம் மறுக்கப்பட்டது. கருத்து மிகவும் எளிமையாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் குறிப்பு எழுதியிருந்தார்!

அகமது சோர்ந்துவிடவில்லை. தம் ஆராய்ச்சி மாணவர் நடராஜனையும், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்லிங்டன் வளாகத்தில் பணியாற்றிய நண்பர் கே. ஆர். ராவையும் சேர்த்துக்கொண்டு ஆய்வைத் தொடர்ந்தார். இந்த ராவ், 1952இல் நம் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்றவர். மூவரும் எழுதிய கட்டுரை 1974 ஜனவரியில் வெளிவந்தது. அதன் நீளம் நான்கே பக்கங்கள்.

அலைகளாகப் பிரிப்பது எப்படி?

எந்த வளைகோட்டையும் பல அலைகளின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்று பிரான்சு நாட்டு அறிஞர் ஃபூரியே 1822இல் வெளியிட்ட வெப்பவியல் நூலில் காட்டினார். அதன் வழிவந்ததே கொசைன் உருமாற்றம்.

விமானத்திற்குப் பின்னால் தெரியும் வானத்தில் அடுத்தடுத்து எட்டுப் புள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டின் ஒளி அளவும் 200 என்று இருக்கட்டும். உருமாற்றம் செய்தால் எட்டு எண்களில் முதல் எண் மட்டுமே மிஞ்சும். மற்ற ஏழும் சுழி. ஒளி அளவு சிறிது சிறிதாக மாறினாலும் முதல் இரண்டு மூன்று எண்களிலேயே செய்தி முழுவதும் பெரும்பாலும் திரண்டுவிடும். சிற்பங்களின் நுண்ணிய விளிம்புகளுக்குத்தான் எல்லா எண்களும் தேவைப்படும்.

இந்த உருமாற்றத்தால் எதுவும் இழக்கப்படுவதில்லை. இழப்பு அடுத்த படியில் வருகிறது. நம் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய அலைகளின் எண்களைத் தோராயமாக்கி, சிறியவற்றைச் சுழியாக்கிவிடுகிறார்கள். வரிசையாக வரும் சுழிகளைச் சுருக்கி எழுதுவது எளிதல்லவா?

சிக்கனத்திற்கு இன்னொரு வழியும் உண்டு. அரியலூர்ச் சாலையில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று போகிறது. ஒரு சட்டத்திற்கும் அடுத்ததற்கும் இடையே மரங்களோ வீடுகளோ மாறுவதில்லை. லாரி மட்டும் சற்று நகர்கிறது. ஆகவே, ‘இந்தப் பகுதி இத்தனை புள்ளி வலப்புறம் நகர்ந்தது’ என்று குறித்தால் போதும். எஞ்சிய சிறு வேறுபாட்டைக் கொசைன் உருமாற்றம் பார்த்துக்கொள்ளும்.

இவ்விரு வழிகளையும் இணைத்து 1988இல் காணொளித் தொலைபேசிக்காக எச்.261 என்னும் தரம் உருவாயிற்று. இவ்வாறு சுருக்கவும் விரிக்கவும் வல்ல முறைக்குக் கோடெக் என்று பெயர். டிவிடி தட்டுகளுக்கும் எண்முறைத் தொலைக்காட்சிக்கும் வழிவகுத்த எம்பெக்-2 1995இலும், எச்.264 2003இலும், எச்.265 2013இலும், ஏவி1 2018இலும் வந்தன. புதியது ஒவ்வொன்றும் முந்தையதைவிட நன்றாகச் சுருக்கும். ஆனால் கணக்கு வேலையும் கூடும். எச்.264 கேட்கும் பிட்டுகளில் ஏறத்தாழப் பாதியைக் கொண்டே அதே தரத்தை எச்.265 தரவல்லது.

வீட்டில் ஒரு படக் களஞ்சியம்

பெரம்பலூரில் ஒரு குடும்பம் திருமண ஒளிப்படங்களையும் பழைய திரைப்படங்களையும் ஒரு கணிப்பொறியில் சேமித்து வைத்து, வீட்டுத் தொலைக்காட்சியில் பார்க்கிறது என்று கொள்வோம். அரியலூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள், தன் கைபேசியில் அக்காளின் திருமணத்தைப் பார்க்க விரும்புகிறாள். கோப்பு எச்.265இல் இருக்கிறது, அவள் கைபேசியோ பழையது, இணைய வேகமும் குறைவு. எனவே கணிப்பொறி அந்தப் படத்தை விரித்து, அளவைக் குறைத்து, மீண்டும் எச்.264ஆகச் சுருக்கி அனுப்ப வேண்டும்.

இங்கேதான் காலம் குறுக்கே நிற்கிறது. நொடிக்கு 25 சட்டங்கள் என்றால், சராசரியாக ஒரு சட்டத்திற்குக் கிடைப்பது 40 மில்லி நொடிகள். வேலை அதற்குள் முடியாவிட்டால் தாலி கட்டும் நேரத்தில் படம் நின்று நின்று வரும். விரிப்பது எளிது, சுருக்குவதுதான் கடினம். லாரி எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று சுருக்குபவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்; விரிப்பவருக்கு விடை கையிலேயே இருக்கிறது.

இந்தச் சுமையைக் குறைக்க, சுருக்கும் வேலைக்கென்றே தனி மின்சுற்றை இன்டெல் நிறுவனம் 2011இல் தன் செயலிகளுக்குள் அமைத்தது. மறு ஆண்டே என்விடியாவும் தன் வரைகலை அட்டைகளில் அதைச் சேர்த்தது. இவை வேகமானவை, மின்சாரமும் குறைவாகவே செலவாகும். ஆனால் நிதானமாகச் செய்யும் மென்பொருள் அதே பிட்டுகளில் இன்னும் தெளிவான படத்தைத் தரமுடியும்.

எதைத் தேர்வது?

உடனுக்குடன் மாற்றி அனுப்ப எச்.264 ஏற்றது. இன்று பயன்பாட்டிலுள்ள ஏறக்குறைய எல்லாக் கருவிகளுக்கும் அது புரியும். இடத்தை மிச்சப்படுத்திச் சேமிக்க எச்.265 நன்று, ஆனால் அதன் காப்புரிமைகள் பல குழுக்களிடம் சிதறிக் கிடப்பதால் எல்லா உலாவிகளும் அதை ஏற்பதில்லை. உரிமத்தொகை கேட்காத முறை வேண்டும் என்ற நோக்கத்தில் எழுந்ததே ஏவி1. அதை விரிக்கும் சுற்று உங்கள் கருவியிலும், சுருக்கும் சுற்று உங்கள் கணிப்பொறியிலும் இருந்தால் தயங்காமல் பயன்படுத்தலாம்.

எல்லாவற்றையும்விட நல்லது, மாற்றாமலே அனுப்புவது! மாற்றும் ஒவ்வொரு முறையும் சில அலைகள் போய்விடும், போனவை திரும்பமாட்டா. அதனால் திருமணப் படத்தைப் புதிய கோடெக்கிற்கு மாற்றிவிட்டோம் என்று மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். இருபது ஆண்டுகள் கழித்து எந்தக் கோடெக் வந்தாலும், மூலம் இருந்தால்தான் நல்ல படி எடுக்க முடியும்.

மாணவர்களே, கொசைன் உங்கள் பாடநூலில் இருக்கிறது. எட்டு எண்களை எழுதி, இந்த உருமாற்றத்தைக் கையாலேயே கணக்கிட்டுப் பாருங்கள். ஒருவர் ‘மிகவும் எளிது’ என்று ஒதுக்கியதில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பது விளங்கும்.