ஆசிரியரும் ஆயாவும்: தோட்ட ஊதிய வரலாறு

மலாக்கா மாநிலத்தில் ரப்பர்ப் பயிர் வாணிக முறையில் தொடங்கியது 1896ஆம் ஆண்டிலாகும். தான் சேய் யான் என்னும் சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் இட்ட தோட்டமே பின்வந்தவர்க்கு வழிகாட்டிற்று. தோட்டங்கள் பெருகத் தமிழ்த் தொழிலாளர் வந்தனர். அவர்தம் பிள்ளைகளைப் பேணவும் பயிற்றவும் இருவர் வேண்டப்பட்டனர். ஒருவர் ஆயா, மற்றவர் ஆசிரியர். தாய் விடியற்காலையில் பால்மரம் வெட்டச் சென்றதும், கைக்குழந்தை ஆயாக்கொட்டகையை அடைந்தது. வளர்ந்த பிள்ளை பள்ளியை அடைந்தது. ஒரே பிள்ளையை வளர்த்த இவ்விருவரின் ஊதியமும் காலப்போக்கில் வெவ்வேறு வழியிற் சென்றது. அதற்குக் காரணம் யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

தோட்டப் பள்ளிகள் பெரும்பாலும் சட்டத்தின் வற்புறுத்தலால் எழுந்தவை. கூட்டு மலாய் மாநிலங்களில் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் இக்கடமையை முதலாளியர் மீது சுமத்திற்று. 1923ஆம் ஆண்டுச் சட்டங்களால் அது மலாக்கா முதலிய நீரிணைக் குடியேற்றங்களுக்கும் பரவிற்று. பள்ளி வயதுப் பிள்ளைகள் பதின்மர் இருப்பின் பள்ளி வேண்டும் என்பது விதி. எனினும், கற்பிப்பவரின் தகுதியும் ஊதியமும் துரையின் விருப்பத்துக்கே விடப்பட்டன. ஆதலின் பல தோட்டங்களில் கிராணியோ, எழுத்தறிந்த கங்காணியோ ஓய்வு நேரத்தில் பாடம் சொன்னார். முழுநேர ஆசிரியர் இருந்த இடத்தும், அவர் ஒருவரே பல வகுப்புகளை நடத்தினார். குடியிருந்த வீடும் தோட்டத்துக்கே உரியது. வேலை போயின் வீடும் போகும். 1937இல் வெளிவந்த சீனிவாச சாஸ்திரியாரின் அறிக்கை தோட்டப் பள்ளிகளின் தாழ்நிலையை எடுத்துக்காட்டிற்று.

இந்நிலையை மாற்றியது 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும், அதனையொட்டிய 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் ஆகும். தமிழ்ப்பள்ளிகள் நாட்டின் கல்வி முறைக்குள் வந்தன. ஆசிரியர் சம்பளம் துரையின் கணக்கேட்டிலிருந்து அரசின் கருவூலத்துக்கு மாறிற்று. பின்னர் 1967இல் தேசிய ஆசிரியர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது; பெண்ணாசிரியர்க்குச் சம ஊதியம் என்பதும் அதன் கோரிக்கைகளுள் ஒன்று. 1971இல் வெளிவந்த அஸீஸ் ஆணைக்குழுவின் அறிக்கை ஆசிரியர் ஊதியத்தை மேலும் செப்பஞ்செய்தது. சட்டம், கருவூலம், சங்கம் ஆகிய மூன்றும் ஒருங்கே துணைநின்றமையால் ஆசிரியர் உயர்ந்தார்.

ஆயாவுக்கோ இம்மூன்றும் ஒருங்கே வாய்க்கவில்லை. தோட்டக் காப்பகம் பற்றி 1966ஆம் ஆண்டுச் சட்டமும் 1990ஆம் ஆண்டுச் சட்டமும் விதி வகுத்தன. அவர் ஊதியம் மட்டும் தோட்டக் கணக்கிலேயே நின்றது. பால் புகட்டித் தூளி ஆட்டியவரின் உழைப்பு தொழிலாக மதிக்கப்படாமல், பெண்களின் இயல்பான வேலை எனக் கருதப்பட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் ஜாசின், அலோர் காஜா போன்ற ஊர்களுக்கும் மலாக்கா நகருக்கும் பெயர்ந்தபோது, ஆயாவின் பணி நகரத்துக் காப்பகங்களுக்கும் பாலர் பள்ளிகளுக்கும் சென்றது.

1984ஆம் ஆண்டுக் குழந்தைக் காப்பகச் சட்டம் பதிவை வேண்டிற்று. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறையில் சேர்த்தது. அரசின் பாலர் வகுப்பில் கற்பிப்பவர் இன்று அரசு ஊழியர். பெற்றோர் கட்டணத்தால் நடக்கும் பாலர் பள்ளியின் ஆசிரியைக்கோ அக்கட்டணமே சம்பளம். அதனை உயர்த்தினால் ஏழைப் பெற்றோர் பிள்ளையை நிறுத்துவர். உயர்த்தாவிடின் ஆசிரியை விலகுவார். 2013இல் 900 ரிங்கிட்டாகத் தொடங்கி, 2025இல் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்த குறைந்தபட்ச ஊதியம் அவருக்கு ஓரளவு காப்பாகும். ஆனால் பயிற்சிக்கும் பட்டறிவுக்கும் ஏற்ற படிநிலையை அது தாராது.

கிராணி பாடம் சொன்ன காலத்தில், தோட்டப்பள்ளி ஆசிரியர்க்கு அரசுச் சம்பளம் என்பது எட்டாக் கனியாகவே தோன்றியிருக்கும். அது கைகூடியது. எழுத்தறிவிப்பவர்க்கு நாடு ஏற்ற பொறுப்பை, அவ்வெழுத்துக்குப் பிள்ளையை ஆயத்தம் செய்பவர்க்கும் ஏற்பதே இவ்வரலாறு வேண்டி நிற்கும் அடுத்த படியாகும்.