மணலில் எழுதிக் கொடுத்தவர்கள்

திருவண்ணாமலைத் திருக்கோயிலை வலம் வருவோர் கண்ணில் முதலில் படுவது கல்லெழுத்து. விளக்கெரிக்கக் கொடை தந்தவர், நிலம் விட்டவர், மண்டபம் எடுத்தவர் எனச் சோழர் காலந்தொட்டு எத்தனையோ பெயர்கள் அச்சுவர்களில் உறங்குகின்றன. 217 அடி உயர்ந்து நிற்கும் கிழக்கு இராசகோபுரத்தைக் கிருஷ்ணதேவராயர் தொடங்கினார் என்பதும், தஞ்சை நாயக்கர் செவ்வப்பர் நிறைவு செய்தார் என்பதும் நாமறிந்தவையே. ஆனால் அக்கோபுரத்தின் நிழலில், இந்நகரத்துத் திண்ணைகளில் அமர்ந்து ஊர்ப் பிள்ளைகளின் விரலைப் பிடித்து அகரம் எழுதிக் கொடுத்தவர் யார் என்று கேட்டால், கல் வாய் திறப்பதில்லை. பொருள் கொடுத்தவர் பெயர் நின்றது. எழுத்துக் கொடுத்தவர் பெயர் மறைந்தது.

இதனை நாம் குறையாகச் சொல்லவில்லை; வரலாற்றில் நேர்ந்த ஒன்றாகவே சொல்கிறோம். ஆசிரியர்களைப் போற்றவேண்டும் என்று ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தில் மேடைகள் முழங்குகின்றன. போற்றுவதற்குமுன் அவர்கள் யாவர் எனத் தெரியவேண்டுமல்லவா? அவ்வாறு தெரியவந்த சிலர் எவ்வழியாகத் தெரியவந்தார்கள் என்பதையே இங்குச் சிறிது ஆராய விழைகிறோம்.

1822ஆம் ஆண்டு சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ, மாகாணமெங்கும் உள்ள பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு மாவட்ட ஆட்சியர்களுக்கு ஆணையிட்டார். திருவண்ணாமலை அந்நாளில் தென்னார்க்காட்டைச் சேர்ந்திருந்தது. 1826இல் மன்றோ எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. 1,88,650 பேர் அவற்றில் பயின்றனர். ஆசிரியருக்கு மாதம் ஆறு அல்லது ஏழு ரூபாய்க்குமேல் கிடைப்பதில்லை என்றும், தகுதியுடையோர் இத்தொழிலுக்கு வர இவ்வூதியம் போதாது என்றும் அவர் வருந்துகிறார். பள்ளியை எண்ணினார்கள், பிள்ளைகளை எண்ணினார்கள், ஊதியத்தையும் எழுதினார்கள். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அப்பள்ளிகளில் பாடஞ் சொன்னவர்களோ தொகைக்குள் கரைந்து போனார்கள்.

அத்திண்ணைப் பள்ளியில் பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதினான். கை படிந்தபின் ஓலையும் எழுத்தாணியும் பெற்றான். எண்சுவடியை உரக்கச் சொல்லி மனத்தில் ஏற்றினான். முன்னே கற்றுத் தேர்ந்த மாணவன் சட்டாம்பிள்ளையாகி இளையோருக்குப் பாடம் சொல்ல, ஆசிரியர் ஒருவரே எல்லாரையும் கண்காணித்தார். பிரம்பும் குட்டும் கோதண்டமும் அங்கே தாராளமாக இருந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பழைமை என்பதற்காகவே ஒன்றைப் பொன்னாக்கிப் பேசும் வழக்கம் நமக்கு உடன்பாடன்று.

எனினும் இத்திண்ணை, கடல் கடந்து சென்ற கதை வியப்புக்குரியது. ஆண்டுரு பெல் என்ற ஸ்காட்லாந்து நாட்டு ஆங்கிலிக்கன் குரு, 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்தம் ஆண் பிள்ளைகளுக்கான அனாதை இல்லத்தின் கண்காணிப்பாளரானார். ஒருநாள் அவர், 'மலபார்' பள்ளி ஒன்றில் (தமிழரை ஐரோப்பியர் அன்று அப்படித்தான் அழைத்தனர்) சிறுவர்கள் மணலில் எழுத்துப் பயில்வதைக் கண்டார். தம் இல்லத்திலும் அவ்வாறே கற்பிக்கச் சொன்னார். துணையாசிரியர் இணங்கவில்லை. ஆகவே ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனைக் கொண்டு இளையோருக்கு எழுத்துக் கற்பிக்கச் செய்தார், முயற்சி வென்றது. தாயகம் திரும்பியபின் 1797இல் தம் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். மாணவன் மாணவனுக்குக் கற்பிக்கும் அம்முறை 'மதராஸ் முறை' என்றே பெயர் பெற்று, 1811இல் தோன்றிய இங்கிலாந்துத் திருச்சபையின் தேசியக் கழகத்தின் வழியாகப் பரவியது. 1832இல் பெல் இறந்தபோது ஏறத்தாழ 12,000 பள்ளிகள் அம்முறையைப் பின்பற்றின என்பர். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அவரை அடக்கம் செய்து, அம்முறையைத் தோற்றுவித்தவர் என்று கல்லிலும் பொறித்தார்கள்.

மணலை எங்கே கண்டார் என்பதைப் பெல் ஒளிக்கவில்லை. அந்நேர்மை அவருக்கு உண்டு. மாணவரைக்கொண்டு கற்பிப்பது மட்டும் தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்று கருதினார். நம் சட்டாம்பிள்ளைகளை அறிந்தவர்கள் அதை எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அது எவ்வாறாயினும், பெல் எட்டிப் பார்த்த அந்தத் திண்ணையில் அன்று பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியரின் பெயரை அவர் கேட்டு எழுதவில்லை. இலண்டன் ஏழைச் சிறாருக்கும் எழுத்தறிவு கிட்ட ஒருவகையில் காரணமாயிருந்த அத்தமிழர், தம்மைக் கடந்து சென்ற அந்தத் துரை யாரென்றுகூட அறிந்திருக்க மாட்டார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மன்றோ தந்த கணக்கிலே ஆண் பிள்ளைகள் 1,84,110. பெண் பிள்ளைகள் 4,540. சேரியில் பிறந்தவர்களுக்கோ திண்ணை எட்டாத உயரத்தில் இருந்தது. அவர்களைத் தேடிச் சென்ற ஆசிரியர் வேறு வகையினர். அவர்களை நாம் 'உபதேசியார்' என்று அழைத்தோம். 1876-78இன் கொடும் பஞ்சம் தென்னகத்தை வாட்டிய காலத்தையொட்டி, ஆர்க்காட்டுப் பகுதியில் ஒடுக்கப்பட்ட மக்கள் பெருந்திரளாகத் திருச்சபையை நாடினர். சேத்துப்பட்டைத் தம் பணித்தளமாகக் கொண்டு உழைத்த தாராஸ் அடிகளாரின் பெயரை இப்பகுதிக் கத்தோலிக்கர் இன்றும் பெருமையோடு சொல்வர், சொல்லவேண்டியதே. ஆனால் பரந்த பணித்தளத்தில் ஒரு குரு எத்தனை ஊருக்குத்தான் போக முடியும்? அவர் திரும்பி வரும்வரை அங்கேயே இருந்து செபம் சொல்லிக்கொடுத்து, பகலில் வயலுக்குப் போன பிள்ளைகளுக்கு இரவு விளக்கொளியில் எழுத்தும் கணக்கும் கற்பித்தவர் உபதேசியாரே. நம் பங்குகளின் பழைய திருமணப் பதிவேடுகளைப் புரட்டுவோர், சாட்சிகளின் வரிசையில் பக்கத்துக்குப் பக்கம் ஒரே கையொப்பம் வருவதைக் காணலாம். மற்றவர்கள் பெருவிரல் ரேகை வைத்திருக்க, அவர் ஒருவர் மட்டும் எழுதியிருப்பார். சில ஆண்டுகள் கழித்துப் பாருங்கள்: ரேகைகள் குறைந்து கையொப்பங்கள் கூடும். நற்சான்று இதழ் வேறு எதற்கு?

அப்படியானால், ஆசிரியரின் பெயர் எங்குத்தான் தங்குகிறது? மாணவரின் நினைவில் தங்குகிறது. அதிலும், எழுதத் தெரிந்த, எழுத மனமுள்ள மாணவரிடத்தில். டாக்டர் உ.வே. சாமிநாதையர் (1855-1942) தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியிராவிட்டால், அரியலூர்ச் சடகோப ஐயங்காரையும், குன்னம் சிதம்பரம் பிள்ளையையும், கார்குடி கஸ்தூரி ஐயங்காரையும், செங்கணம் விருத்தாசல ரெட்டியாரையும் இன்று யார் அறிவார்? இவர்கள் பெருநகரத்துப் புலவர்கள் அல்லர். தாம் கற்றதைத் தம் ஊர் எல்லைக்குள் கேட்டவர்க்குச் சொல்லிக்கொடுத்தவர்கள். ரெட்டியார் காரிகை பாடஞ் சொன்னார். சொன்னதோடு நில்லாமல், இப்பிள்ளையின் தமிழ்ப் பசிக்கு ஏற்றவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையே என்று வழிகாட்டினார். தன்னிடமிருந்து மாணவனை விடுவித்துத் தன்னினும் பெரியவரிடம் அனுப்பும் மனம் எல்லா ஆசிரியர்க்கும் வாய்ப்பதன்று.

1871இல் மாயூரத்தில் பிள்ளையவர்களை அடைந்த சாமிநாதையர், அவர் 1876இல் மறையும்வரை உடனிருந்து கற்றார். பிள்ளையவர்கள் மாணவர்க்கு உணவும் உறைவிடமும் தந்து பாடஞ் சொன்னவர். கையிலோ பெரும்பாலும் காசில்லை. சைவப் பெருங்கவிஞராகிய அவருக்கு, நம் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை உற்ற நண்பர். கத்தோலிக்கராகிய புதுச்சேரிச் சவராயலு நாயகர் மாணவர். அவருடைய இன்னொரு மாணவரான தியாகராச செட்டியார் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்தார். 1880இல் உடல் நலிந்து ஓய்வு பெற்றபோது, தம் இடத்துக்குச் சாமிநாதையரையே முன்மொழிந்து அமர்த்தினார். அவ்வேலை கிடைத்ததனால் அன்றோ சாமிநாதையர் ஏடு தேடவும் பதிப்பிக்கவும் முடிந்தது? நன்றி மறவாத அம்மாணவர், 1933-34இல் ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி முடித்தார். ஆசிரியர் மறைந்து ஐம்பத்தேழு ஆண்டுகள் கடந்திருந்தன. எழுதியவருக்கு வயது எண்பதை நெருங்கியிருந்தது.

இவ்வளவு நீண்டகாலம் காத்திராமல் வாழும்போதே போற்றலாமே என்பது நியாயமான கேள்வி. நடுவண் அரசு 1958 முதல் தேசிய நல்லாசிரியர் விருது வழங்கி வருகிறது. இராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவரான 1962 முதல் செப்டம்பர் 5 ஆசிரியர் நாளாயிற்று. தமிழக அரசும் அவர் பெயராலேயே விருது வழங்குகிறது. இவற்றைப் பெற்றவருள் உண்மைத் தொண்டர் பலர் உண்டு. ஆயினும் 2018இல் தேசிய விருதுக்கான விதிகள் மாற்றப்பட்டபோது, ஆசிரியர் தம்மைத் தாமே முன்மொழிந்து, தாம் செய்தவற்றைச் சான்றுகளுடன் அனுப்பும் முறை வந்தது. பரிந்துரைக்காக அலையும் இழிவு இதனால் நீங்கியது என்பர், அது மெய்யே. ஆனால் தம் புகழைத் தாமே எழுதக் கூசும் ஆசிரியர்தாம் நாம் தேடும் ஆசிரியர் என்பதும் மெய்தானே? சவ்வாது மலையின் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில், பிள்ளைகள் இடைநின்று போகாமல் காக்க வீடுவீடாக ஏறி இறங்குபவருக்குப் படிவம் நிரப்பவும் படம் எடுத்து ஒட்டவும் பொழுதேது? அவரைப் பற்றி எழுதவேண்டியவர் அவரல்லர்.

மாணவன் எழுதும்போது நிகழும் ஒன்றை அப்துல் கலாமின் 'அக்கினிச் சிறகுக'ளில் காண்கிறோம். இராமேசுவரத்தில் அவர் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், முன்வரிசையில் புரோகிதர் மகனுக்கு அருகே அமர்ந்திருந்த முகமதியச் சிறுவனாகிய அவரைப் பின்வரிசைக்கு அனுப்பினார். அவ்வாசிரியரின் பெயரைக் கலாம் எழுதவில்லை. ஆனால் அறிவியலாசிரியர் சிவசுப்பிரமணிய ஐயரின் பெயரை எழுதுகிறார். வைதிகக் குடும்பத்தவராகிய ஐயர் அவரைத் தம் வீட்டுக்கு உண்ண அழைத்தார். மனைவியார் தம் சமையலறையில் பரிமாற மறுக்கவே, ஐயர் சினக்காமல் தம் கையாலேயே பரிமாறி, அருகில் அமர்ந்து உண்டார்; அடுத்த வாரமும் வருமாறு அழைத்தார். அடுத்த வாரம் அந்த அம்மையாரே உள்ளே அழைத்துச் சென்று பரிமாறினார். ஒருவரைப் பெயரிட்டுச் சொன்னதும், ஒருவரைப் பெயரிடாது விட்டதும் மாணவர் தந்த தீர்ப்புகள் என்றே நமக்குத் தோன்றுகிறது. இரண்டிலும் இரக்கம் இருக்கிறது.

1950இல் கலாம் திருச்சி தூய வளனார் கல்லூரியில் சேர்ந்தார். சேசு சபைக் குருவாகிய அருள்தந்தை செக்கேரா அங்கே ஆங்கிலம் கற்பித்ததோடு விடுதிக் காப்பாளராகவும் இருந்தார். மூன்று மாடி விடுதியில் ஏறத்தாழ நூறு மாணவர்கள். கையில் விவிலியத்துடன் ஒவ்வோர் இரவும் ஒவ்வொரு மாணவனையும் அவர் சென்று பார்த்தார் என்று கலாம் நினைவுகூர்கிறார். தீபாவளி வந்தால், அவர் சொற்படி விடுதிப் பொறுப்பிலிருந்த அருள்சகோதரரும் உணவகத் தொண்டர்களும் அறை அறையாகச் சென்று, எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெய் வழங்கினார்களாம்.